நூறு இடம் பார்த்த மனிதர்

இந்தக் கொப்பியின் முதல் ஒற்றையை நான் கிழித்துப் போட்டது இது நாலாம் முறை. ஒவ்வொரு முறையும் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கி, அந்த மனிதரைப் பற்றி நாலு வரி எழுதுவேன். ஐந்தாவது வரியில் என்னைப் பற்றி எழுத வேண்டி வரும். அங்கே பேனை நின்றுவிடும். இருபது வருடமாக இப்படியே போய்விட்டது. இப்போது என் மனைவியும் போய், அவளுடைய ஆண்டுத் திவசமும் முடிந்தது. அவள் இருக்கும்வரை எழுதக் கூச்சமாக இருந்தது. இனி எழுதாமல் இருக்கத்தான் கூச்சமாக இருக்கிறது. நான் ஆறாம் வகுப்போடு மண்வெட்டி பிடித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாள் துணை.

அவருடைய பெயரை எழுதவில்லை. எங்கள் குடியேற்றத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ரத்தம் குத்துற நானா என்றால் தெரியாதவர் கிடையாது. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், அவர்களில் அண்ணனை நானா என்பார்கள். தகப்பன் புடவை வியாபாரம் செய்தவராம். இவர் அதை விட்டுவிட்டு மலேரியா வேலைக்கு வந்தவர். கண்டாவளைப் பக்கம் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்த காலத்தில் மலேரியா பிடிக்காத வீடு இல்லை. பிறகு வீட்டுச் சுவரெல்லாம் மருந்து அடித்து அடித்து அது மெல்ல மெல்லக் குறைந்தது. நான் சொல்லப்போகும் வருடங்களில் அது அநேகமாக இல்லாமலே போய்விட்டது. ஆனாலும் எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் அவர் சைக்கிளில் வந்து நிற்பார். விரலில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு. அதைக் கொண்டுபோய் மலேரியாப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம்.

டிஸ்பென்சரியின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறைதான் அவருக்கு. கரண்ட் கிடையாது. யன்னலடியில் மேசை, மேசையில் ஒரு நுணுக்குக்காட்டி. அதை அவர் 'குழல்' என்பார். அதன் அடியில் இருக்கும் வட்டக் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் இரண்டு சிகரட் தகரப் பேணிகள். ஒன்றில் பத்துப் புளியங்கொட்டை இருக்கும். இரத்தத்தில் பத்து இடம் பார்த்து முடித்ததும் ஒரு கொட்டை மற்றப் பேணிக்குப் போகும். பத்துக் கொட்டையும் போனால் நூறு இடம் பார்த்தாயிற்று என்று கணக்கு. அதற்குப் பிறகுதான் கொப்பியில் 'இல்லை' என்று எழுதுவார். வருடக்கணக்காக அந்தக் கொப்பியில் 'இல்லை' தவிர வேறு சொல் ஏறவில்லை. இருந்தும் ஒன்பது கொட்டையோடு எழுந்து போனதை ஒருவரும் கண்டதில்லை. ஒரு கண்ணால் பார்த்துப் பார்த்து, மற்றக் கண்ணுக்குக் கீழே தோல் தொங்கிப் போயிருந்தது.

எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். இல்லாத பூச்சியைத் தேடுகிறதுக்குச் சம்பளம் வாங்குகிற ஒரே மனிதர் இவர்தான் என்பார்கள். அவர் கோபிக்கமாட்டார். "ஓம், இல்லை எண்டதையும் ஆரோ ஒரு ஆள் பாத்துத்தானே சொல்லோணும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதிப்பார்.

அவரிடம் எதைக் கேட்டாலும் கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. விதைப்புக் காலத்தில் வானத்தைப் பார்த்து, மழை வருமோ நானா என்று கேட்டால், "மேகம் நிக்குது" என்பார். வருமோ வராதோ என்றால், "வந்தாப் பிறகு சொல்லுறன்." சுகமாக இருக்கிறீர்களா என்றால், "நடந்து திரியிறன்." இதனால் சிலருக்கு அவர்மேல் எரிச்சல். எனக்கும் இருந்தது. நாலு பேரோடு பழகுகிற மனிதன், மனம் ஆறுவதற்காவது ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் என்ன என்று நினைப்பேன்.

ஒருமுறை எங்கள் ஊர் அதிகாரியான விதானையார் அவரிடம் தனியாகப் போனார். அந்த வருடம் குடியேற்றம் முழுக்க மூட்டைப்பூச்சி. மலேரியாவுக்கு அடிக்கும் மருந்தில் மூட்டைப்பூச்சியும் செத்துப்போகும். ஆனால் மலேரியா இல்லாத இடத்துக்கு மருந்து அடிக்க ஏன் வருவார்கள்? ஆகவே கொப்பியில் ஒரேயொரு பெயருக்கு எதிரே 'இருக்கு' என்று எழுதும்படி விதானையார் கேட்டார். தன்னுடைய பெயரையே எழுதலாம் என்றும் சொன்னார்.

"விதானையார், காணாததை ஒருக்கா எழுதினா, நான் முந்திக் கண்டு எழுதினதெல்லாம் பொய்யாப் போயிடும்."

"ஒரு ஊரே நித்திரை இல்லாமல் சொறியுது நானா."

"அதை வேணுமெண்டா எழுதித் தாறன். அதைக் கண்டனான்."

சொன்னபடியே எழுதியும் கொடுத்தார். அந்தக் கடிதத்தை வைத்து மருந்து வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை. நாங்கள் எல்லோரும் தொடர்ந்து சொறிந்தோம். அவரும்தான்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் முன்பு ஒற்றையைக் கிழித்தேன்.

அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு கைமூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் எழும்பினால் விரல்கள் மடங்கியபடியே நிற்கும். சுடுதண்ணீரில் வைத்து வைத்து மெல்ல விரிப்பாள். தலைமயிரைப் பின்ன முடியாது, உலைமூடியைத் தூக்க முடியாது. எண்ணெய், பத்து, பரியாரியாரின் நாட்டு வைத்தியம், எல்லாம் பார்த்தோம். அவள் அம்மாளுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். கை விரிந்தால், வருகிற வைகாசிப் பொங்கலுக்குக் கோயில் முற்றத்தில் தன் கையாலேயே அரிசி களைந்து, தன் கையாலேயே பானை ஏற்றிப் பொங்குவேன் என்று.

தை மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்குத்தர் ஒரு குளிசை எழுதித் தந்தார். இரண்டு கிழமைக்கு மட்டும், பிறகு வந்து காட்ட வேண்டும், இரத்தம் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் குளிசை ஐந்தாம் நாளே விரல்களை விரித்தது. ஒருநாள் காலையில் அவள் முற்றத்தில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தானே பின்னிக்கொண்டதைக் கண்டேன். அன்றைக்கு நான் வயலுக்குப் போகவில்லை. அம்மாள் படத்துக்கு முன்னால் அழுதுகொண்டு இருந்தேன்.

இரண்டு கிழமை முடிந்தது. நாங்கள் காட்டப் போகவில்லை. போனால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம். நான் டவுனில் ஒரு மருந்துக் கடையில் டாக்குத்தர் எழுதிய பழைய துண்டைக் காட்டி அதே குளிசையை வாங்கிவந்தேன். மாசி, பங்குனி, சித்திரை என்று வாங்கிக்கொண்டே இருந்தேன். அம்மாள் படத்தடியில் வைத்து, கற்பூரம் காட்டி, பிறகு அவளுக்குக் கொடுப்பேன். "பொங்கல் வரைக்கும் எண்டாலும் கை இருக்கட்டும், இஞ்சேருங்கோ" என்று அவள் சொல்வாள். நேர்த்தியை நிறைவேற்றத்தானே செய்கிறோம், அதில் என்ன பிழை வந்துவிடும் என்று நானும் நினைத்தேன்.

சித்திரை நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை நோ, வாய் முழுக்கப் புண், உடம்பில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. பக்கத்து வளவு அக்கா வந்து பார்த்தா. பார்த்தவுடனேயே கைகூப்பி, அம்மாள் வந்திருக்கிறா என்றா. பிறகு கேள்வி ஏது? வாசல் படலையில் வேப்பிலை கட்டினோம். பாய் விரித்து வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தோம். வெளியாள் உள்ளே வரக்கூடாது, மருந்து கொடுக்கக்கூடாது, ஊசி, கத்தி, இரத்தம் ஒன்றும் கூடாது. குளிசைப் போத்தலையும் எடுத்து நெல்மூட்டைக்குப் பின்னால் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் நானாவின் சைக்கிள் மணி கேட்டது. வேப்பிலையைக் கண்டதும் ரோட்டிலேயே நின்று செருப்பைக் கழற்றினார். அவருக்கு அது தேவையில்லை. ஆனாலும் கழற்றினார்.

பக்கத்து வளவு அக்கா தன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மலேரியாவே இல்லாத ஊரில் உங்களுக்கு ஏன் இவ்வளவு ரத்தம், விக்கிறியளோ என்று கேட்டா.

"வித்தா ஆர் வாங்குவினம் அக்கா? எல்லாம் தண்ணி கலந்த ரத்தம்" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அம்மாள் உள்ளுக்க இருக்கட்டும். நான் வெளியிலதான் நிக்கிறன். காய்ச்சல் வீடு எண்டா ஒரு சொட்டு எடுக்காமல் எனக்குப் போக ஏலாது."

நான் மறுத்தேன். அவர் வாதாடவில்லை, போகவும் இல்லை. சைக்கிளைப் பூவரசில் சாத்திவிட்டு நின்றார். வெயில் ஏறியது. கடைசியில் என் மனைவியே சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, படலைக்கு மேலால் கையை வெளியே நீட்டினாள். உடம்பு உள்ளே, கை மட்டும் ரோட்டில். அவர் தன் கை படலைக்கு இந்தப் பக்கம் வராதபடி குத்தி எடுத்தார். மார்கழியில் அவளுக்குச் சளியோடு தடிமன் காய்ச்சல் வந்தபோதும் இதே விரலைத்தான் குத்தியவர். அப்போது அது மடங்கிப்போய் நின்றது, அவர்தான் பிடித்து விரிக்க வேண்டியிருந்தது.

"விரல் நல்லா நிமிருது தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். ஒரே வீடு என்றபடியால் என்னுடைய விரலிலும் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் நாலு மணி போல அவர் திரும்பி வந்தார். அப்படி ஒருநாளும் வந்ததில்லை. சைக்கிள் கரியரில் துவாயால் சுற்றி, குழந்தையைக் கட்டியது போலக் குழலைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை அறைக்கு வெளியே எடுக்க அவருக்கு அனுமதி இல்லை என்று பிறகுதான் அறிந்தேன்.

"தம்பி, மலேரியாப் பூச்சி இல்லை. நூறு இடம் பாத்தன். ஆனா வேற ஒண்டு கண்டன். நான் சொன்னா நீங்கள் நம்பமாட்டியள். வந்து பாருங்கோ."

ரோட்டோரம் கிடந்த உரலைக் கவிழ்த்து அதன்மேல் குழலை வைத்தார். அந்நேரம் பார்த்து, சித்திரை மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த முகில் வெயிலை மூடியது. வட்டக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சம் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ரோட்டில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே அவள் முனகுவது கேட்டது. பக்கத்து வளவு அக்கா, என்ன நானா படம் ஓடுமோ ஓடாதோ என்று கேட்டா. அவர் கண்ணாடியைத் திருப்பியபடியே நின்றார். முகில் விலகிய உடனே முதல் கண்ணாடித் துண்டை வைத்துவிட்டு என்னைக் குனியச் சொன்னார்.

வெளிறிய வட்டத்துக்குள் ஊதா நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் பத்துப் பன்னிரண்டு. துண்டைத் தள்ளினார், இன்னொரு பன்னிரண்டு. விதைத்து முளைத்த வயல் போல எங்கும் இருந்தது.

"இது உங்கட ரத்தம். பொட்டு எல்லாம் வெள்ளை அணு. நாங்கள் பூச்சியை எண்ணுறதுக்கு அளவா வெள்ளையைத்தான் எண்ணுறது. அதால எனக்கு வெள்ளை பழக்கம். இனி இதைப் பாருங்கோ."

இரண்டாவது துண்டு. ஒன்றும் இல்லை. தள்ளினார், ஒன்றும் இல்லை. தள்ளினார், ஒரு மூலையில் ஒன்று. பிறகு மறுபடியும் வெறுமை. விதை போட்டும் முளைக்காத காணி மாதிரி.

"நூறு இடத்துக்கும் சேத்து நாப்பத்தொண்டு. ஆயிரத்துக்கு மேல இருக்கோணும். இருக்கிற நாப்பத்தொண்டும் உருண்டைக் கரு உள்ள சின்ன வகை. காயத்துக்கு ஓடுற வகை இருக்கு, கரு மூண்டு துண்டா இருக்கும். அதில ஒண்டைக்கூட நான் காணேல்லை. என்ர கை பிழைச்சிருக்கும் எண்டு திரும்பவும் பாத்தன். அதே நாப்பத்தொண்டு."

"அம்மாள் வருத்தத்துக்கு இப்பிடி வருமோ நானா?"

"அது எனக்குத் தெரியாது. இப்பிடி நான் இதுக்கு முந்திக் கண்டதில்லை. தங்கச்சி இப்ப என்ன மருந்து எடுக்கிறா?"

ஒன்றும் இல்லை என்றேன். மூன்று நாளாக ஒன்றும் கொடுக்கவில்லை, அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் மூன்று மாதத்தை ஒளித்து வைத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் குழலைத் துவாயால் சுற்றத் தொடங்கினார்.

கட்டிய வேப்பிலையை நேரத்துக்கு முன்னர் அவிழ்க்கிறது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். நான் அம்மாள் படத்தின் முன்னால் விழுந்து, தாயே, என்னைத் தண்டி, அவளைத் தண்டிக்காதே என்று சொல்லிவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து என் கையாலேயே அவிழ்த்தேன். பக்கத்து வளவு அக்கா ஏசிக்கொண்டே வந்து, ஏசிக்கொண்டே அவளை வண்டிலில் ஏற்றிவிட்டா. ரோட்டில் ஒரு லொறியை மறித்து, பொழுது படமுன்னர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நானா எழுதித் தந்த துண்டை டாக்குத்தர் வாசித்தார். உடனே இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அவளை வார்ட்டின் கோடியில் தனிக் கட்டிலில் போட்டு, கொசு படாமல் நுளம்புவலை கட்டி, பென்சிலின் ஊசி தொடங்கினார்கள். என்ன மருந்து சாப்பிட்டா என்று டாக்குத்தர் கேட்டார். மூட்டுக் குளிசை இரண்டு கிழமை, கை நன்றாக விரிந்தது, தை மாதத்தோடு சரி என்றேன். இது இரண்டாம் பொய். முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

ஞாயிறு தோறும் நானா பஸ்ஸில் வந்துபோவார். கையில் தோடம்பழமோ பிஸ்கற்றோ இருக்காது. நேராக இரத்தம் பார்க்கிற அறைக்குப் போய் எத்தனை என்று கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொல்வார். ஒருநாள் வராந்தாவில் இருந்தபோது, இந்த வெள்ளை அணு என்ன செய்கிறது நானா, இது இல்லாவிட்டால் ஏன் ஆள் சாகவேணும் என்று கேட்டேன்.

"நான் இதைக் குழலுக்க காணேல்லை. படிப்பிச்சவை சொன்னதைச் சொல்லுறன்" என்று தொடங்கினார். "வயலுக்குக் காட்டுப் பண்டி வந்தா, காவல் கொட்டிலில இருக்கிறவங்கள் பந்தம் கொளுத்திக்கொண்டு ஓடுறாங்கள் எல்லோ, அதுதான் வெள்ளை. தங்கச்சிக்கு மூட்டுக்குள்ள பண்டி வரேல்லை. வராமலே காவலுக்கு இருந்தவங்கள் பந்தத்தோட ஓடித் திரியிறாங்கள். வயல் எரியுது. வீக்கம், நோ எல்லாம் அந்த நெருப்புத்தான்."

"அப்ப அவங்கள் இல்லாமல் போனது நல்லதெல்லோ?"

"நெருப்பு நிண்டது. இப்ப உண்மையாவே பண்டி வந்திட்டுது. தொண்டையில, வாயில. கலைக்க ஆளில்லை."

அந்த ஆட்களை இல்லாமல் பண்ணியது எது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் பேசாமல் இருந்தேன். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை.

அவளுடைய காய்ச்சல் பதினொரு நாள் விடாமல் நின்றது. இரண்டு தரம் என்னை வெளியே அனுப்பிவிட்டு நேர்ஸ்மார் ஓடித் திரிந்தார்கள். நான் வெளியே புளியமரத்தடியில் இருந்து தேவாரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் நானா அறையிலிருந்து வந்து, கூடுது என்றார். அடுத்த ஞாயிறு, இன்னும் கூடுது, மூண்டு துண்டுக் கரு உள்ளதும் வந்திட்டுது என்றார். அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். காய்ச்சல் விட்டது, வாய்ப்புண் ஆறியது. வெள்ளை திரும்பிவர, விரல் மூட்டுகளும் திரும்ப வீங்கத் தொடங்கின. காலையில் அவளுடைய கை மடங்கியபடி போர்வைக்கு வெளியே கிடப்பதைக் கண்டேன். அவள் அதைப் போர்வைக்குள் மறைத்தாள்.

அந்தக் கிழமை டாக்குத்தர் கட்டிலடிக்கு வந்தபோது நானாவும் பக்கத்தில் நின்றார். டாக்குத்தர் அவளுடைய விரல்களைப் பிடித்துப் பார்த்தார். தை மாதம் தந்த குளிசை நன்றாக வேலை செய்தது என்று துண்டில் இருக்கிறது, இரண்டு கிழமை குடித்து ஒரு கெடுதலும் இல்லை, அதையே இன்னும் இரண்டு கிழமைக்குத் தரலாம் என்று சொல்லிப் பேனையை எடுத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. சொல்லாதேயுங்கோ என்றுதான் அந்தப் பார்வை. நான் நிலத்தைப் பார்த்தேன். பேனை கடதாசியில் ஊர்கிற சத்தம் கேட்டது. நானா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கமாகக் குனிந்தார். மெல்லத்தான் சொன்னார்.

"தம்பி, சித்திரையில விரல் நிமிர்ந்து நிண்டதை நான் கண்டன். குளிசையை நான் காணேல்லை. கண்டவர்தான் சொல்லோணும்."

அவர் நினைத்திருந்தால் தானே சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்போதோ விளங்கியிருக்கும். ஆனால் காணாததைச் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன் என்று எழுதினால் அது பொய்யில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

"ஐயா, எழுதாதேயுங்கோ" என்றேன். "மூண்டு மாதம் குடுத்தனான். காய்ச்சல் வந்த நாள் வரைக்கும் குடுத்தனான்."

டாக்குத்தர் எழுதியதைக் கிழித்தார். அவர் ஏசியதையெல்லாம் இங்கே எழுதவில்லை, எனக்குத் தகும். சிலருடைய உடம்பில் இந்தக் குளிசை வெள்ளை அணு பிறக்கிற இடத்தையே மூடிவிடும் என்றும், ஒருதரம் அப்படிச் செய்த உடம்புக்கு ஒரேயொரு குளிசை திரும்பப் போனாலும் ஆள் மிஞ்சாது என்றும் சொன்னார். அவளுடைய துண்டில் சிவப்பு மையால் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். நான் வாய் மூடியிருந்தால் அன்று மத்தியானமே அந்தக் குளிசையை என் கையாலேயே அவளுக்குக் கொடுத்திருப்பேன். இதை நினைக்காமல் நான் இன்றுவரை ஒரு பிடி சோறு சாப்பிட்டதில்லை.

அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், தலையைக் கட்டிவிடுங்கோ என்று கேட்டாள். அன்று தொடங்கிய பின்னல் வேலை பத்தொன்பது வருடம் என்னுடைய வேலையாக இருந்தது. அவளுடைய கை பிறகு விரியவில்லை. சாதாரண நோக் குளிசையும் உப்பு ஒத்தடமும்தான். சோறு குழைத்துக் கொடுப்பதும், சேலை மடித்துக் கொய்வதும், விளக்குத் திரி போடுவதும் நான்தான். களைத்துப்போன நாட்களில், அந்தக் குளிசை அவளுக்குத் தலை பின்னக் கை கொடுத்த காலையை நினைப்பேன். பிறகு உரலின்மேல் குழல் வைத்துக் கண்ட அந்த வெறுமையை நினைப்பேன். மறுபடியும் சீப்பை எடுப்பேன்.

வைகாசிப் பொங்கலுக்குப் போனோம். அவளுடைய மடங்கிய கைகளுக்குக் கீழே என் கைகளை வைத்து அரிசி களைந்தோம். பானையையும் அப்படித்தான் ஏற்றினோம். நேர்த்தி பிசகிவிட்டதோ என்று நான் கலங்கினேன். அவள்தான், "அம்மாள் என்ர கை வேணும் எண்டு கேட்டவாவே? நாங்கள்தானே சொன்னது" என்றாள். அன்று பொங்கலில் ஒரு பாத்திரம் நானாவுக்குக் கொண்டுபோனேன். சாப்பிட்டார். எப்படி நானா என்றேன். "சக்கரை நாக்கில படுது" என்றார்.

அடுத்த வருடம் அவருக்கு வேறு இடம் மாற்றம் வந்தது. மலேரியா இல்லாத ஊரில் ஆள் தேவையில்லை என்று ஊரில் கதைத்தார்கள். போகுமுன் எங்கள் படலையடிக்கு வந்தார். அப்போது வேப்பிலை ஒன்றும் இல்லை. உள்ளே வாருங்கோ என்று கூப்பிட்டு, கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம். நான் அவருடைய கையைப் பிடித்து, இவளுக்கு உயிர் தந்தது நீங்கள்தான் என்றேன்.

"அதை நான் காணேல்லை தம்பி" என்றார். "வெள்ளை குறைஞ்சதைக் கண்டன். கூடினதைக் கண்டன். நடுவில நடந்தது உங்கட அம்மாளுக்கும் என்ர அல்லாவுக்கும்தான் தெரியும்."

நாலைந்து வருடம் கழித்து மலேரியா திரும்ப வந்தது. எனக்கும் பிடித்தது. குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது இரத்தம் எடுக்க வந்த புது ஆளிடம், நூறு இடம் பார்ப்பீரோ என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஏன் ஐயா, இப்ப முதலாம் இடத்திலயே பூச்சி நிக்குதே என்றார். இத்தனை காலம் தேடியது கடைசியில் வந்தபோது, தேடிய மனிதர் எங்கள் ஊரில் இல்லை. எங்கே போனார், இருக்கிறாரா என்றும் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது.

அவள் போன பிறகு எங்கள் பக்கத்தில் இந்தக் கதையைச் சிலர் சொல்லக் கேட்கிறேன். ஒருவர், வேப்பிலையை அவிழ்த்ததால்தான் கை போனது என்கிறார். இன்னொருவர், அம்மாள் நானாவின் வடிவில் வந்தாள் என்கிறார். எல்லோருடைய கதையிலும் நான் நல்லவனாக இருக்கிறேன். குளிசையைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் தெரியாது. அம்மாள்தான் அந்த மூன்று நாளும் குளிசையை நிறுத்த வைத்தாள் என்று நான் நம்புகிறேன். அது என் நம்பிக்கை. மற்றதெல்லாம் நான் கண்டது.

ஆகவே இதை வாசிக்கிறவர்கள் வேறு யாருக்கும் சொல்வதானால், நாற்பத்தொன்றை நாற்பது என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்ன இரண்டு பொய்யையும் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள். அவரைப் பெரியவராக்க ஒரு சொல்லும் கூட்டவேண்டாம், என்னைக் காப்பாற்ற ஒரு சொல்லும் குறைக்கவேண்டாம். கண்டவன் நான், சொல்லிவிட்டேன்.